பந்தயக் காரின் முழக்கமும் அயலவரின் அமைதியும்

கார்ப் பந்தயத் திடல் என்றவுடன் வேகமே நினைவுக்கு வருகின்றது. நெடுஞ்சாலைகளிலே விதிக்கப்படும் வேகக் கட்டுப்பாடு அங்கே இல்லை. வண்டியின் ஆற்றலும் ஓட்டுபவரின் திறமையும் எவ்வளவுக்கு இடங்கொடுக்கின்றனவோ அவ்வளவுக்கு விரைந்து செல்லலாம். எனினும், இங்கிலாந்திலே தமது ஸ்போர்ட்ஸ் காரை அத்தகைய திடலொன்றுக்குக் கொண்டு செல்லும் அன்பர் ஒருவர், ஓடுபாதையில் இறங்குமுன் ஒரு சோதனைக்கு உட்பட வேண்டியவராகின்றார். அலுவலர் ஒருவர் வண்டியின் புகைக்குழாய்க்கு அருகே ஒலிமானி ஒன்றைப் பிடிக்கின்றார். எஞ்சினைக் குறித்த வேகத்தில் ஓடவிடுமாறு பணிக்கின்றார். மானி காட்டும் எண்ணை நோக்குகின்றார். அவ்வெண் வரையறைக்கு மேற்பட்டிருப்பின், வண்டி எத்துணை விலையுயர்ந்ததாயினும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

வேகத்துக்கு எல்லை வகுக்காத இடத்தில் குரலுக்கு எல்லை வகுத்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், இந்த எல்லை பந்தயத்தை ஒடுக்குவதற்கென எழுந்ததன்று. பந்தயம் நிலைத்து நிற்பதற்கென எழுந்ததாகும். இவ்விதி எவ்வாறு பிறந்தது, முழக்கம் எங்கிருந்து எழுகின்றது, எஞ்சினின் வலுவை இழவாது அதனைத் தணிப்பது எங்ஙனம் என்பன அறிந்துகொள்ளத் தக்கவை.

இதன் வரலாறு மோட்டார்ப் பந்தயத்தின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்தது. இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், வேபிரிட்ஜ் என்னும் ஊருக்கு அருகே, ஹியூ லொக் கிங் என்னும் நிலக்கிழார் தம் சொந்த நிலத்திலே தம் சொந்தச் செலவில் ஓர் ஓடுபாதையை அமைத்தார். புரூக்லண்ட்ஸ் எனப் பெயர்பெற்ற அப்பாதை 1907 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திறக்கப்பட்டது. மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே சரிந்த வளைவுகளுடன் கட்டப்பட்ட உலகின் முதற் பாதை அதுவே. 100 அடி அகலமும், வெளிவட்டத்தில் ஏறத்தாழ 2.75 மைல் நீளமும் அதற்கு இருந்தன. வளைவுகளிலே கொங்கிறீற்றுத் தளம் ஏறத்தாழ 30 அடி உயரத்துக்குச் சுவர்போல் எழுந்து நின்றது.

முதற் பந்தயம் நடைபெறுமுன்னரே, ஜூன் 28 ஆம், 29 ஆம் தேதிகளில், எஸ். எவ். எட்ஜ் என்பவர் நேப்பியர் வண்டியொன்றைத் தாமே தனித்து 24 மணி நேரம் இடைவிடாது ஓட்டினார். இரவு முழுவதும் பாதையோரத்தில் விளக்குகள் எரிந்தன. மணிக்கு ஏறத்தாழ 66 மைல் சராசரி வேகத்தை அவர் எய்தினார். மோட்டார் அன்பர்கள் அதனைப் பெருஞ் சாதனையென்று போற்றினர். அயலிலே வீடு கட்டி வாழ்ந்தவர்களோ இரவு முழுதும் கண்ணுறக்கம் இழந்திருந்தனர். அவர்களுடைய முறைப்பாட்டின் பயனாக, புரூக்லண்ட்ஸ் பாதையிலே இரவு ஓட்டம் தடை செய்யப்பட்டது.

அத்தடை எத்துணை உறுதியாகப் பேணப்பட்டது என்பதற்குப் பின்னாளைய நிகழ்ச்சியொன்று சான்றாகும். பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தைப் போலத் தாமும் ஒன்றை நடத்த இங்கிலாந்தினர் விரும்பினர். இரவிலே ஓட்டுவதற்கு வழியில்லை. ஆகவே 1929, 1930, 1931 ஆம் ஆண்டுகளில் அப்பந்தயத்தை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாக இரண்டு பகல்களுக்குப் பிரித்து நடத்தினர். 'இரட்டைப் பன்னிரண்டு' என்பது அதன் பெயராயிற்று. முதல் நாள் மாலையில் வண்டிகள் பூட்டி வைக்கப்பட்டன. மறுநாட் காலையில் விட்ட இடத்திலிருந்து பந்தயம் தொடர்ந்தது. அயலவரின் உறக்கத்துக்காக ஒரு பந்தயமே இரண்டாக வெட்டப்பட்டது.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் எஞ்சின்கள் பெருத்தன. அவற்றின் குரலும் பெருத்தது. 1920களின் நடுப்பகுதியிலே அயலவர் மீண்டும் சட்டத்தின் துணையை நாடினர். திடலை நடத்தியோர் ஒரு முடிவுக்கு வந்தனர்: ஒலியடக்கி பொருத்தாத எந்த வண்டியும் பாதையில் ஓடலாகாது. அவ்வாறு கட்டாயமாக்கப்பட்ட கருவி, உருண்டையான பெரிய பேணியொன்றும், அதன் முடிவிலே மீன் வால் போலத் தட்டையாக விரிந்த ஒரு வாயும் கொண்டது. புரூக்லண்ட்ஸ் ஒலியடக்கி என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவியது.

பந்தய வீரர்களிற் பலர் அதனை வெறுத்தனர். எஞ்சினின் மூச்சை அது அடைத்துவிடும் என்றனர். எனினும் நடந்தது வேறு. அப்பாதையின் அதியுயர்ந்த சுற்று வேகத்தை ஜோன் கொப் என்பவர் 1935 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே நிலைநாட்டினார். மணிக்கு 143.44 மைல் என்னும் அவ்வேகம், ஒலியடக்கி கட்டாயமாக்கப்பட்டுப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே எய்தப்பட்டது. தணிவும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டியதில்லை.

புரூக்லண்ட்ஸில் எழுந்த வழக்கு அதனோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள லைம் றொக் என்னும் திடல் 1957 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1959 இல், ஞாயிற்றுக்கிழமைகளிலே அங்கு பந்தயம் நடைபெறலாகாதென நீதிமன்றம் கட்டளையிட்டது. இன்றும் ஞாயிறுதோறும் அங்கே பந்தயம் ஓய்ந்திருக்கின்றது. இங்கிலாந்தின் வட யோர்க்ஷயரிலே, பழைய விமானத் தளமொன்றில் அமைந்த குரொஃப்ட் திடலைப் பற்றி 2009 ஆம் ஆண்டு தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றம், பேரொலி எழும் நாள்கள் ஆண்டுக்கு 40 இற்கு மேற்படலாகாது என்றது. கலிபோர்னியாவின் லகுனா செகா திடலிலோ, ஓடுபாதையின் ஓரத்திலே ஒலிவாங்கிகள் நிலையாகப் பொருத்தப்பட்டுள்ளன. சாதாரண நாள்களில் 90 டெசிபெல் அளவிலான எல்லையைக் கடந்த வண்டி உடனே பாதையிலிருந்து வெளியே அழைக்கப்படும். நாடு வேறு, சட்டம் வேறாயினும் உண்மை ஒன்றே. அயலவரைப் பொருட்படுத்தாத திடல், தன் நாள்களை ஒவ்வொன்றாக இழந்துவிடும்.

இனி, இம்முழக்கம் எங்கே பிறக்கின்றது என்பதை நோக்கலாம்.

எஞ்சினின் சிலிண்டருக்குள்ளே எரிபொருள் எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. வேலை முடிந்ததும் கழிவாயு வெளியேறும் வால்வு திறக்கின்றது. அவ்வேளையிலும் உள்ளிருக்கும் வாயுவின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்தைப் போலப் பல மடங்காக இருக்கும். அடைபட்டிருந்த அவ்வாயு குழாயினுள்ளே ஒரே பாய்ச்சலாகப் பாய்கின்றது. சோடாப் போத்தலைத் திறக்கும்போது எழும் ஓசையை யாவரும் அறிவர். எஞ்சினிலே நிகழ்வதும் அதுவே. வேறுபாடு யாதெனின், இங்கே வாயு மிக வெப்பமானது, அமுக்கமும் மிகப் பெரிது, அத்துடன் போத்தல் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான முறை திறக்கப்படுகின்றது.

அந்த எண்ணிக்கையைக் கணக்கிடுதல் எளிது. நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை கழிவாயுவைத் தள்ளும். நிமிடத்துக்கு 6,000 சுழற்சி என்றால் செக்கனுக்கு 100 சுழற்சி. அதாவது செக்கனுக்கு 200 அடிகள். தவில் வித்துவானுடைய விரல்கள் எவ்வளவு விரைந்தாலும் அவற்றை நாம் தனித்தனி அடிகளாகவே கேட்கின்றோம். செக்கனுக்கு 200 அடிகளோ காதிலே ஒன்றோடொன்று இணைந்து ஒரே சுரமாகின்றன. செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்னும் இவ்வெண்ணிக்கையைப் பௌதிக நூலார் மீடிறன் என்பர். எட்டுச் சிலிண்டர் எஞ்சினின் மீடிறன் அதே வேகத்தில் இரு மடங்காகும். ஆகவேதான் அதன் குரல் வேறாக ஒலிக்கின்றது. இந்த அடிப்படைச் சுரத்துக்கு மேலே, அதன் மடங்குகளாகிய உயர் சுரங்களும், குழாயினுள்ளே வாயு விரைந்தோடுவதால் எழும் சீறலும் கலந்து வருகின்றன. எனவே, ஒலியடக்கி தணிக்கவேண்டியது ஒரு குரலையன்று. தாழ்ந்த உறுமலும் உயர்ந்த சீறலும் கலந்த ஒரு கூட்டத்தையாகும்.

இக்குரலை அளக்கும் அலகு டெசிபெல். இவ்வலகின் இயல்பை அறியாதவர் எளிதில் ஏமாந்துபோவர். இது முழக்கோலைப் போலச் சமபடியாக ஏறுவதன்று. மடங்கு மடங்காக ஏறுவது. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி இரு மடங்காகும். 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்காகும். 20 டெசிபெல் கூடினால் நூறு மடங்காகும். மனிதச் செவியோ 10 டெசிபெல் ஏற்றத்தை ஏறத்தாழ இரு மடங்கு உரத்த ஒலியாகவே உணர்கின்றது. எனவே, 110 டெசிபெல் எழுப்பும் வண்டியை 105 இற்குக் கொண்டுவருதல் சிறு வேலை போலத் தோன்றினும், உண்மையில் அதன் ஒலிச் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அழித்தாக வேண்டும்.

தூரத்தின் கணக்கும் அறியத்தக்கது. திறந்த வெளியிலே தூரம் இரு மடங்காகும்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். நின்ற நிலையிற் சோதிக்கும்போது ஒலிமானியைப் புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில், 45 பாகை சாய்வாகப் பிடிப்பது இங்கிலாந்தின் வழக்கம். எஞ்சின் அதன் உச்ச வேகத்தின் முக்கால் பங்கு வேகத்தில் ஓடவேண்டும். 105 டெசிபெல் என்பது அங்கு பல திடல்களிலே காணப்படும் எல்லை. அரை மீற்றரில் 105 ஆக இருக்கும் ஒலி, 50 மீற்றருக்கு அப்பால், அதாவது நூறு மடங்கு தூரத்தில், கணக்குப்படி 65 ஆகும். ஒரு வண்டிக்கு இது பொறுக்கத்தக்கதே. ஆனால் சமமான இருபது வண்டிகள் ஒருங்கே ஓடினால் அதனுடன் 13 டெசிபெல் கூடும். மாலை வேளையிலே தரையருகிலுள்ள காற்றுக் குளிர்ந்து மேற்காற்று வெதுவெதுப்பாக இருப்பின், மேல்நோக்கிச் செல்லும் ஒலியும் வளைந்து நிலத்தை நோக்கித் திரும்பிவிடும். அயலூரார் பகலிற் கேளாத ஒலியை மாலையிற் கேட்பதன் காரணம் இதுவே.

ஒலியைத் தணிப்பதற்குப் பொறியியலார் கையாளும் முறைகள் பல. அவை யாவும் இரண்டு வகையுள் அடங்கும். ஒன்று, ஒலியை உறிஞ்சி வெப்பமாக்குவது. மற்றது, ஒலியைத் திருப்பியனுப்பி, ஒலியைக் கொண்டே ஒலியை அழிப்பது.

முதல் வகை மிக எளிமையானது. நெடுகத் துளையிட்ட குழாயொன்று நேராகச் செல்கின்றது. அதனைச் சூழ ஓர் உறை. இரண்டுக்கும் இடையே கண்ணாடி நார் நிறைந்திருக்கும். கழிவாயு தடையின்றி நேரே செல்ல, ஒலியலை மட்டும் துளைகளின் வழியே புகுந்து நாரிடையே சிக்குகின்றது. எண்ணற்ற நார்களோடு உராய்ந்து அதன் சக்தி வெப்பமாக மாறிவிடுகின்றது. துணித்திரைகள் தொங்கும் அறையிலே குரல் எதிரொலியாது அடங்குவதை ஒப்பது இது. வாயுவின் வழியை மறிக்காமையால் எஞ்சினின் வலு மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். ஆகவே பந்தய அன்பர்கள் இதனையே பெரிதும் விரும்புவர். ஆயினும் இதற்குக் குறைகள் இரண்டு உண்டு. உயர்ந்த சீறலை நன்கு விழுங்கும் இக்கருவி, தாழ்ந்த உறுமலை அவ்வளவாக விழுங்காது. மேலும், வெப்பத்தாலும் வாயுவின் பாய்ச்சலாலும் நார் நாளடைவில் எரிந்தும் பறந்தும் போய்விடும். சென்ற ஆண்டு சோதனையிலே தேறிய வண்டி இந்த ஆண்டு தவறுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வெளித்தோற்றத்திலே யாதொரு மாற்றமும் தெரியாது, உள்ளே உறை வெறுமையாகியிருக்கும்.

இரண்டாம் வகையின் எளிய வடிவம் விரிவறை. ஒடுங்கிய குழாயில் வரும் ஒலியலை திடீரெனப் பெரிய அறையொன்றுட் புகும்போது, அதன் ஒரு பகுதி முன்செல்லாது பின்னோக்கித் திரும்புகின்றது. அறையிலிருந்து மீண்டும் ஒடுங்கிய குழாயினுட் செல்லும்போதும் அவ்வாறே நிகழ்கின்றது. குழாயைப் போல மூன்று மடங்கு விட்டமுள்ள அறை ஏறத்தாழ 13 டெசிபெல் வரையும், நான்கு மடங்கு விட்டமுள்ளது ஏறத்தாழ 18 டெசிபெல் வரையும் தணிக்கும் என்பது கணக்கு. ஆனால் இது எல்லாச் சுரத்துக்கும் பொருந்தாது. அறையின் நீளம் ஒலியின் அலைநீளத்தில் காற்பங்காக இருக்கும்போது பயன் உச்சமாகும். அரைப்பங்காக இருக்கும்போது அந்தச் சுரம் அறையே இல்லாததுபோலத் தப்பிச் சென்றுவிடும். ஆகவேதான் நல்ல ஒலியடக்கிகளில் வெவ்வேறு நீளமுள்ள அறைகள் பல அமைந்திருக்கும். ஒன்றிலே தப்பியது மற்றொன்றிலே அகப்படும்.

ஒரே ஒரு சுரம் மட்டும் பிடிவாதமாக ஒலிக்குமாயின் அதற்குத் தனி மருந்து உண்டு. வெறும் போத்தலின் வாயருகே ஊதினால் ஒரு குறித்த சுரம் எழுவதைச் சிறுவரும் அறிவர். போத்தலின் வயிற்றிலுள்ள காற்றும் கழுத்திலுள்ள காற்றும் சேர்ந்து அந்தச் சுரத்துக்கு மட்டும் பரிந்து அதிர்கின்றன. இதனை ஆராய்ந்தவர் ஜேர்மனிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அத்தகைய போத்தல் போன்ற அறையொன்றைப் புகைக்குழாயின் பக்கத்திலே பொருத்தினால், அது தனக்குரிய சுரத்தைக் குழாயிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஒரு முனை அடைத்த பக்கக் குழாயொன்றும் இவ்வேலையைச் செய்யும். அதனுட் சென்ற அலை அடைத்த முனையிலே மோதித் திரும்பிவரும்போது, முன்செல்லும் அலைக்கு நேர்மாறாக அமைந்து அதனை அழித்துவிடும். அதன் நீளம் அலைநீளத்தின் காற்பங்காக இருத்தல் வேண்டும்.

இங்கே வெப்பத்தின் பங்கை மறத்தல் ஆகாது. சாதாரணக் காற்றிலே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் செல்லும். 400 பாகை வெப்பமுள்ள கழிவாயுவிலோ ஏறத்தாழ 520 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 200 அதிர்வு கொண்ட சுரத்தின் அலைநீளம் அவ்வாயுவில் 2.6 மீற்றர், காற்பங்கு 65 சென்ரிமீற்றர். குளிர்ந்த காற்றின் கணக்கைக் கொண்டு பக்கக் குழாய் செய்தவர் அதனை 43 சென்ரிமீற்றராக வெட்டிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லையே என்று வருந்துவார்.

ஒலியடக்கி வலுவைத் தின்றுவிடும் என்னும் பழைய அச்சம் முற்றும் பொய்யுமன்று. வாயுவின் வழியை ஒடுக்கும் சிறிய அடக்கியொன்று, வெளியேற முடியாத வாயுவைச் சிலிண்டரை நோக்கித் தள்ளி நிறுத்தும். அங்கே தங்கிய கழிவு, புதிய காற்று நுழையும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, தணிவும் வலுவும் ஒருங்கே வேண்டுமாயின் கொடுக்கவேண்டிய விலை இடமாகும். ஒலியடக்கி பெரிதாக, நீண்டதாக, உள்வழி அகன்றதாக இருத்தல் வேண்டும். சிலிண்டர்களிலிருந்து வரும் குழாய்கள் ஒன்றுசேரும் பகுதியின் நீளங்களைப் பந்தயப் பொறியியலார் எஞ்சினுக்கு ஏற்றவாறு இசைவாக்கி வைத்திருப்பர். அப்பகுதியைத் தொடாது, அதற்குப் பின்னாலே அடக்கியைப் பொருத்தினால் வலுவின் இழப்பு மிகச் சிறிதாகும்.

இந்த 'இடம்' என்பதே சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் இடர். 1957 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான லோட்டஸ் செவன் போன்ற வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றிலே புகைக்குழாய் உடலின் வெளிப்பக்கமாக ஓடி, பின்சக்கரத்துக்கு அருகிலேயே முடிந்துவிடுவது உண்டு. பெரிய கார்களிலே வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடும் குழாயும், ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த அடக்கிகளும் இங்கே இல்லை. எடை குறைந்த, எளிமையான வண்டி; ஆனால் அதன் குரலைத் தணிப்பது அரிது.

அத்தகைய நான்கு சிலிண்டர் வண்டியொன்று 105 என்னும் எல்லைக்கு எதிராக 110 காட்டியதாகக் கொள்ளலாம். அனுபவமுள்ள பொறியாளர் உடனே புதிய கருவியை வாங்க ஓடமாட்டார். முதலில் குழாயின் பொருத்துகளைச் சோதிப்பார். நூலளவு இடைவெளி வழியாகக் கசியும் வாயு, அடக்கியை அடையுமுன்னரே முழுக் குரலோடு வெளியேறிவிடும். அதன் பின்னர் அடக்கியைத் திறந்து உள்ளிருக்கும் நாரைப் பார்ப்பார். அது அழிந்திருப்பின், துளைக் குழாயை அடுத்து உருக்கு நாரைச் சுற்றி, அதன்மேல் கண்ணாடி நாரை நிறைப்பார். உருக்கு நார் வெப்பத்தின் நேரடித் தாக்குதலைத் தாங்கிக்கொள்ளும். மிக நெருக்கி அடைத்தாலும் மிகத் தளர்வாக விட்டாலும் பயன் குறையும். பல வண்டிகள் இவ்வளவிலேயே எல்லைக்குள் வந்துவிடும்.

வரவில்லையாயின், இன்னும் நீண்ட அடக்கியையோ, இரண்டாவது அடக்கியொன்றையோ சேர்க்கவேண்டும். அதன் பின்னும் ஒரு குறித்த வேகத்தில் மட்டும் உறுமல் எஞ்சினால், மேலே கூறிய பக்கக் குழாய் அல்லது போத்தல் அறை உதவும். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதே இடத்தில், அதே வேகத்தில் அளந்து குறித்தல் இன்றியமையாதது. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தவர், எது பயன் தந்தது என்பதை ஒருபோதும் அறியார்.

இவ்வளவு செய்தும் மானி எதிர்பார்த்தபடி இறங்காதபோது பலர் திகைப்பர். காரணம், அப்பொழுது ஒலிப்பது புகைக்குழாயாக இராது. எஞ்சின் கழிவாயுவை விடும்போது முழங்குவதுபோலவே, காற்றை உள்ளிழுக்கும்போதும் முழங்குகின்றது. திறந்த காற்றுக் குழல்கள் கொண்ட பந்தய எஞ்சின்களில் இது சிறிதன்று. ஓரிடத்திலிருந்து அளக்கும்போது புகைக்குழாய் 105, காற்றுக் குழல் 100 என்றால், இரண்டும் சேர்ந்து 106 அளவு காட்டும். புகைக்குழாயை மட்டும் 95 இற்கு இறக்கினாலும், மொத்தம் 101 அளவிலே நின்றுவிடும். பத்துக் குறைத்தும் ஐந்தே குறைந்தது போலத் தோன்றும். பெரிய குரல் அடங்கியதும், அதன் பின்னே மறைந்திருந்த குரல் வெளிப்படுகின்றது. காற்றுக் குழல்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து, வடிகட்டி வழியே காற்றை எடுப்பதே அதற்கு வழி. நின்ற நிலையிலே தேறிய வண்டி, ஓடுபாதையோர ஒலிவாங்கியிலே தவறுவதற்கும் இது ஒரு காரணம். நிற்கும்போது எஞ்சின் சுமையின்றிச் சுழல்கின்றது. ஓடும்போதோ முழு மூச்சோடு உழைக்கின்றது.

எளிய தந்திரம் ஒன்றும் உண்டு. உயர்ந்த சுரங்கள் குழாயின் வாய் நோக்கும் திசையிலேயே பெரிதும் செல்லும். ஆதலால் குழாயின் நுனியை வளைத்து, ஒலிவாங்கிக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டால் மானி சில டெசிபெல் குறைத்துக் காட்டும். நிலத்தை நோக்கித் திருப்புவதும் இத்தகையதே. சில திடல்களில் இது விதிக்கு முரணன்று. ஓட்டுநர் பலரும் இதனைக் கையாள்கின்றனர். எனினும், இதனால் மானி மகிழுமேயன்றி ஊர் மகிழாது. ஒலிவாங்கிக்கு எதிர்ப்பக்கத்திலும் மனிதர் வாழ்கின்றனர். தாழ்ந்த உறுமலோ குழாய் எப்பக்கம் திரும்பினும் எல்லாத் திசையிலும் பரவும். மரங்களும் வேலிகளும் அதனை மறிக்கமாட்டா. பாதைக்கு அருகே எழுப்பிய உயர்ந்த மண்மேடே ஓரளவு மறிக்கும். ஆண்டிறுதியில் முறைப்பாட்டுக் கடிதங்களை எழுதுவது ஒலிமானியன்று, அயலவரே என்பதைத் திடலை நடத்துவோர் நன்கறிவர்.

இதனால் நன்மை பெறுவோர் அயலவர் மட்டுமல்லர். 85 டெசிபெல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்பது செவிக்கு ஊறு என்பது மருத்துவர் கருத்து. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெல்லுக்கு அது கால் மணி நேரமே. திறந்த வண்டியிலே, புகைக்குழாயின் வாய்க்கு ஒரு மீற்றர் தூரத்தில் அமர்ந்து நாள் முழுதும் ஓட்டுபவரின் செவி, எந்த அயலவரின் செவியையும்விடப் பெரிய இடருக்கு உள்ளாகின்றது. இழந்த செவிப்புலன் மீள்வதில்லை.

முழக்கமே பந்தயத்தின் உயிர் என்று கருதும் அன்பர்களும் உளர். அவர்களுடைய உணர்ச்சியை இகழ்தல் தகாது. 2014 ஆம் ஆண்டு ஃபோர்முலா வன் பந்தயத்திலே புதிய எஞ்சின்கள் புகுத்தப்பட்டபோது, கழிவாயுவின் சக்தியில் ஒரு பகுதியைச் சுழலியொன்று பறித்துக்கொண்டமையால் குரல் பெரிதும் தணிந்தது. பார்வையாளர் பலர் அதனைக் குறையாகவே கொண்டனர். ஆயினும் பொறியியலாளர் கண்ணுக்கு அங்கே வேறொன்று தெரிந்தது. முன்னர் வீணாய் வெளியேறிய சக்தி, அவ்வெஞ்சின்களிலே சக்கரத்தைச் சுழற்றப் பயன்பட்டது. முழக்கம் வலுவின் அளவுகோலன்று.

புரூக்லண்ட்ஸ் பாதையிலே பந்தயங்கள் 1939 ஆம் ஆண்டோடு முடிவுற்றன. அதனை மூடியது அயலவரின் வழக்கன்று. இரண்டாம் உலகப் போரே. சரிந்தெழுந்த அக்கொங்கிறீற்று வளைவின் பகுதிகளை இன்றும் அங்கே காணலாம். முதற் கோடையிலேயே ஊராரின் உறக்கத்தைக் கெடுத்த அத்திடல், இரவை விட்டுக்கொடுத்தும் பேணியைப் பொருத்தியும் முப்பத்திரண்டு ஆண்டுகள் அதே ஊரிலே வாழ்ந்தது. இன்று திடலின் வாயிலிலே ஒலிமானியோடு நிற்கும் அலுவலரைக் கண்டு முகஞ் சுளிக்கும் ஓட்டுநர் ஒன்றை நினைத்தல் நன்று. அவர் அளப்பது இன்றைய ஓட்டத்தை மட்டுமன்று. அடுத்த ஆண்டும் அத்திடல் திறந்திருக்குமா என்பதையுமாகும்.